வேலையை வகுத்த கேப்டன்: டேவ் கேலஹர்

ஐரிஷ் கடைக்காரரின் மகன். நியூசிலாந்து இறைச்சிக் கிடங்கின் தொழிலாளி. இரண்டு போர்களில் சிப்பாய். ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயரை உலகம் அறியக் காரணமான 1905-ம் ஆண்டு ரக்பி அணியின் தலைவர். முரட்டு பலத்தின் ஆட்டமாகக் கருதப்பட்ட ஒன்றை, சொல்லிக்கொடுத்துக் கற்கக்கூடிய கலையாக மாற்றிய மனிதரின் கதை இது.

1905 செப்டம்பர் 16. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எக்ஸிடர் நகரத்து மைதானத்தில், டெவன் மாவட்ட அணியை எதிர்த்து நியூசிலாந்து ரக்பி அணி களமிறங்கியது. ஆறு வாரம் கப்பலில் வந்து சேர்ந்தவர்கள். தலை முதல் கால் வரை கருப்பு உடை. மார்பில் மட்டும் வெள்ளி நிறத்தில் ஒரு பெரணி இலை. ரக்பி பிறந்த மண்ணில், காலனி நாட்டுக்காரர்கள் நன்றாகப் போராடித் தோற்பார்கள் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு.

ஆட்டம் முடிந்தபோது நியூசிலாந்து 55, டெவன் 4. தந்தியில் எண்கள் இடம் மாறி வந்துவிட்டன என்று நினைத்து, டெவன் வென்றதாகவே அச்சிட்ட பத்திரிகைகளும் உண்டு என்பார்கள்.

அடுத்த ஐந்து மாதங்களில் சந்தேகம் தீர்ந்தது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், வட அமெரிக்கா என்று சுற்றிய அந்த அணி ஆடியது 35 ஆட்டங்கள். வென்றது 34. எடுத்த புள்ளிகள் 976, கொடுத்தவை 59. ஒரே தோல்வி 3 புள்ளி வித்தியாசத்தில். ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயர் ஊரெங்கும் பரவியது அந்தப் பயணத்தில்தான். பின்னாளில் நியூசிலாந்துக்காரர்கள் அந்த அணியை ‘ஒரிஜினல்ஸ்’ என்று மரியாதையோடு அழைக்கத் தொடங்கினார்கள்.

அதன் தலைவர் டேவ் கேலஹர். ஆறடி உயரம், ஒல்லியும் வலுவுமான உடல், அதிகம் பேசாத சுபாவம். மின்னல் ஓட்டக்காரர் அல்லர்; புள்ளிகளைக் குவித்தவரும் அல்லர். நியூசிலாந்துக்காக ஆடிய 36 ஆட்டங்களில் 6 மட்டுமே டெஸ்ட். அந்த ஆறிலும் சேர்த்து அவர் எடுத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் ரக்பி வரலாற்றின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, களத்துக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மாவின் இரண்டு பவுன்

கேலஹர் பிறந்தது 1873 அக்டோபர் 30-ல், அயர்லாந்தின் வடமேற்கில் டொனகல் மாவட்டத்தைச் சேர்ந்த ராமெல்டன் என்ற சிற்றூரில். அப்பா ஜேம்ஸ் கடை வைத்திருந்தார். மனைவியை இழந்து முதிய வயதில் மறுமணம் செய்துகொண்டவர். அம்மா மரியா அவரைவிட மிகவும் இளையவர். வியாபாரம் படுத்துவிட்டது, குழந்தைகளோ பலர்.

அந்த நாளில் ஜார்ஜ் வெசி ஸ்டூவர்ட் என்பவர் அல்ஸ்டர் பகுதிக் குடும்பங்களைத் திரட்டி நியூசிலாந்தில் குடியேற்றிக்கொண்டிருந்தார். நல்ல நிலம், புதிய வாழ்க்கை என்ற வாக்குறுதியை நம்பி, 1878-ல் ‘லேடி ஜாஸ்லின்’ கப்பலில் குடும்பம் புறப்பட்டது. உடல்நலம் குன்றிய கைக்குழந்தை ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அப்போது டேவுக்கு நான்கு வயது.

போய்ச் சேர்ந்த இடம், பே ஆஃப் பிளென்டி கடற்கரையோரம் உள்ள காட்டிகாட்டி. கிடைத்த நிலம் விவசாயத்துக்கு லாயக்கற்றது. அப்பாவுக்கோ வயதாகிவிட்டது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அம்மா. உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் இரண்டு பவுன். அதில்தான் அத்தனை வயிறும் நிறைந்தது. குடும்பப் பெயரின் எழுத்தில் ஒன்றைக் குறைத்துக் கேலஹர் என்று எழுதத் தொடங்கியதும் அந்தப் புதிய மண்ணில்தான்.

1886-ல் அம்மா நோயில் விழுந்தார், வேலை போயிற்று. மறு வருடம் புற்றுநோய்க்குப் பலியானார். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்த டேவ், 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் கால்நடை முகவர் ஒருவரிடம் வேலைக்குப் போனார். அவரவர் பங்கு வேலையை அவரவர் செய்தால்தான் அந்த வீட்டில் அடுத்த வேளை உலை கொதிக்கும். பிறகு ஓர் அணிக்கு அவர் கற்றுக்கொடுத்த பாடத்தை, முதலில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது காட்டிகாட்டி வீடுதான்.

கிடங்கும் களமும்

பின்னர் குடும்பம் ஆக்லாந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. மாவு மில்லில் சில காலம் வேலை பார்த்த டேவ், ஆக்லாந்து ஃபார்மர்ஸ் ஃப்ரீஸிங் கம்பெனியில் சேர்ந்தார். வெட்டிய ஆடுகளைக் குளிரூட்டி, லண்டனுக்கு ஏற்றுமதி செய்யும் கிடங்கு அது. நாள் முழுக்கக் கனமான இறைச்சியைத் தூக்கித் தூக்கி அடுக்க வேண்டும். அவருடைய தோளும் முதுகும் அங்கேதான் உரமேறின. உடற்பயிற்சிக் கூடம் தனியாகத் தேவைப்படவில்லை. அடிமட்டத் தொழிலாளியாகச் சேர்ந்தவர் மேஸ்திரியாக உயர்ந்தார்.

1895-ல் பான்சன்பி கிளப்பில் சேர்ந்து, மறு வருடமே ஆக்லாந்து மாகாண அணிக்கு ஆடினார். ஹூக்கராகத் தொடங்கியவர். ஃபார்வர்ட்கள் தோள் கோத்துத் தள்ளும் ‘ஸ்க்ரம்’ அமைப்பின் முன்வரிசையில் குனிந்து, உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் கொக்கி போட்டுத் தன் பக்கம் இழுப்பவர்தான் ஹூக்கர்.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே, 1901 ஜனவரியில் களத்தை விட்டு தென்னாப்பிரிக்கப் போருக்குப் போனார். போயர்களுக்கு எதிரான பிரிட்டிஷ் படையில், நியூசிலாந்தின் குதிரைப்படைப் பிரிவு. வயதில் மூன்றைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்தார். மலேரியாவில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபடியே இன்னொரு படைப்பிரிவில் சேர்ந்து, ஸ்குவாட்ரன் சார்ஜன்ட் மேஜர் பொறுப்புவரை உயர்ந்து, 1902-ல் ஊர் திரும்பினார்.

ஏறக்குறைய இரண்டு பருவங்கள் போயின. வயது முப்பதை நெருங்கியது. பெரும்பாலான வீரர்களுக்கு ஆட்டம் முடியும் வயது அது. கேலஹருக்கு அப்போதுதான் தொடங்கியது. 1903-ல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கான நியூசிலாந்து அணியில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 15-ல் சிட்னியில் நியூசிலாந்து தன் முதல் டெஸ்டை ஆடி, 22-3 என்று வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1904-ல் வெலிங்டனில், பிரிட்டிஷ் தீவுகள் அணியை 9-3 என்று வீழ்த்தியபோதும் இருந்தார்.

கப்பலில் ஒரு வாக்கெடுப்பு

1905 ஜூலை 30. ‘ரிமுட்டாகா’ கப்பல் வெலிங்டனை விட்டுக் கிளம்பியது. கேலஹர் கேப்டன், இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளி பில்லி ஸ்டெட் துணைத் தலைவர். இருவரையும் நியமித்தது நியூசிலாந்து ரக்பி யூனியன்.

கரை மறைந்த சில நாளிலேயே முணுமுணுப்பு எழுந்தது. தலைவரை யூனியன் நியமித்ததே சரியில்லை, அணிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். ஆக்லாந்துக்காரர்களின் கை ஓங்கிவிட்டது என்ற மனத்தாங்கல் தெற்குத் தீவு வீரர்களுக்கு. ஆறு வாரம் ஒரே கப்பலில் அடைந்து கிடக்க வேண்டிய கூட்டம்; கசப்பு பரவினால் பயணம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

கேலஹர் வாதாடவில்லை. ‘நான் விலகிக்கொள்கிறேன்’ என்று முன்வந்தார். ஸ்டெட்டும் கூடவே விலக முன்வந்தார். மேலாளர் ஜார்ஜ் டிக்ஸன் ஏற்க மறுத்தார். விஷயம் வாக்கெடுப்புக்குப் போனது. 17 வாக்குகள் அவர்களுக்கு ஆதரவாக, 12 எதிராக. அதன்பின் அந்தப் பிரச்னை தலைதூக்கவில்லை.

பதவியைப் பற்றிக்கொள்ளாதவரிடம் அணி பதவியைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்த 12 பேரும் பின்னர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆடினார்கள். கேலஹரின் முதல் வெற்றி எக்ஸிடர் மைதானத்தில் கிடைத்ததல்ல, கப்பல் தளத்தில் கிடைத்தது.

பயிற்சியாளர் என்ற பெயரில் ஜிம்மி டங்கன் உடன் வந்திருந்தார். ஆனால் அவருக்கான செலவில் இன்னொரு வீரரை அழைத்துப் போயிருக்கலாம் என்ற பேச்சு ஊரிலேயே இருந்தது. உண்மையில் பயிற்சியை நடத்தியவர்கள் கேலஹரும் ஸ்டெட்டும்தான். முன்கள வீரர்களான ஃபார்வர்ட்கள் கேலஹரின் பொறுப்பு, பின்வரிசை வீரர்கள் ஸ்டெட்டின் பொறுப்பு. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பல் போய்க்கொண்டிருக்க, தளத்தில் தினமும் பயிற்சி நடந்தது.

யாருக்கு எந்த இடம்

ரக்பி பார்த்திராத வாசகர்களுக்கு இங்கே சில வரிகள். அணிக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ‘ட்ரை’. இன்று அதற்கு 5 புள்ளி, அன்று 3. சிறு தவறு நடந்து ஆட்டம் நின்றால், இரு தரப்பு ஃபார்வர்ட்களும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரெதிராகத் தள்ளுவார்கள், நடுவே பந்து உருட்டிவிடப்படும். அதுதான் ‘ஸ்க்ரம்’.

பிரிட்டிஷ் அணிகளில் அன்றைய வழக்கம் எளிமையானது. ஸ்க்ரம் நடக்கும் இடத்துக்கு முதலில் ஓடிவருபவர் முதல் வரிசையில் குனிவார், அடுத்து வருபவர்கள் கிடைத்த இடத்தில் தலையை நுழைப்பார்கள். எல்லாரும் எல்லா வேலையும் செய்வார்கள். பலமும் உற்சாகமும் போதும் என்பது நம்பிக்கை.

கேலஹரின் அணியில் ஒவ்வொருவருக்கும் இடம் நிலையானது. முன்வரிசையில் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என்று ஏழு பேர் மட்டுமே. முன்வரிசை இருவரின் வேலை பந்தைக் காலால் இழுப்பது. நடுவில் இருக்கும் ‘லாக்’, மொத்த அமைப்பையும் பிணைத்துப் பிடிக்கும் ஆணி. நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் யார், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் யார் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும் அல்லவா? அந்த ஒழுங்கு. எட்டுப் பேர் கூடித் தள்ளிய பிரிட்டிஷ் ஸ்க்ரமை, ஏழு பேர் ஒரே திசையில் ஒரே கணத்தில் தள்ளி வென்றார்கள். மிச்சமான எட்டாவது ஆள் வெளியே வேறு வேலைக்குக் கிடைத்தார்.

பின்வரிசையிலும் அதே கணக்கு. ஸ்க்ரமிலிருந்து வெளிவரும் பந்தை எடுக்கும் ஹாஃப்பேக்குக்கும் ஓட்டக்காரர்களுக்கும் இடையே ‘ஃபைவ் எய்த்’ என்ற பெயரில் இருவரை நிறுத்தினார்கள். தாக்குதல் அங்கிருந்து கிளம்பும், தடுப்பும் அங்கேயே கட்டப்படும். தொடுகோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறியும் ‘லைன்அவுட்’டில், யாருக்கு எறிவது என்பதற்குச் சங்கேதச் சொற்கள் இருந்தன. ஒருவர் பந்தோடு பிடிபட்டால், அடுத்த கணம் அருகில் யார் இருக்க வேண்டும் என்பதும் ஏற்கெனவே முடிவானது.

ஆட்ட நாளில், களமிறங்கும் முன் வீரர்கள் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்து அன்றைய ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேலஹர் வற்புறுத்தினார். எதையும் இலவசமாக விட்டுக்கொடுக்காதே, தேவையில்லாத அபாயத்தில் இறங்காதே. அவர் அணிக்குச் சொன்னதன் சாரம் இதுதான்.

இந்த முறைகளை எல்லாம் கண்டுபிடித்தவர் கேலஹர் என்று சொன்னால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி. 1893-ல் நியூசிலாந்து யூனியனின் முதல் அதிகாரபூர்வ அணிக்குத் தலைமை வகித்த டாம் எலிசன், நாய் டஹு மாவோரி குலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். கருப்பு உடையையும் பெரணி இலையையும் முன்மொழிந்தவர். ரக்பி உத்திகள் பற்றி 1902-லேயே புத்தகம் எழுதியவர். 1904-ல் அவர் இறந்துவிட்டார். எலிசன் தலைமுறை விதைத்ததை ஓர் அணியின் அன்றாடப் பழக்கமாக ஆக்கி, கடல் கடந்து கொண்டுபோய் நிரூபித்தவர் கேலஹர். இரண்டு பணிகளும் சம மரியாதைக்கு உரியவை.

வசவு விழும் இடம்

ஸ்க்ரமிலிருந்து மிச்சமான அந்த எட்டாவது ஆளுக்குப் பெயர் ‘விங் ஃபார்வர்ட்’. ஸ்க்ரமுக்குள் பந்தை உருட்டிவிடுவது அவர். உருட்டியதும் ஸ்க்ரமின் ஓரத்தில் ஒட்டி நிற்பார். பந்து பின்பக்கம் வெளியேறும்போது அதை எடுக்கும் ஹாஃப்பேக் மீது எதிரணி பாய வேண்டுமானால், முதலில் இவரைச் சுற்றித்தான் போக வேண்டும். ஹாஃப்பேக் ஃப்ரெட் ராபர்ட்ஸுக்கு அந்த ஓரிரு கணம் போதும், பந்து பறந்துவிடும்.

அந்த இடத்தில் நின்றவர் கேப்டனேதான்.

பிரிட்டிஷ் கண்களுக்கு இது வழிமறிப்பு. விதிப்படி குற்றம். பத்திரிகைகள் ஏமாற்று வேலை என்று எழுதின. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். நடுவர்கள் அடிக்கடி விசில் ஊதித் தண்டித்தார்கள். பந்தை உருட்டும்போது சுழல விடுகிறார் என்றும் புகார். ஊர் ஊராக, ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் பெயர்தான் வசைபாடப்பட்டது. அந்தப் பயணத்துப் புகைப்படங்களில் காலுறைக்கு மேலே கணைக்கால் காப்பு கட்டிக்கொண்டு நிற்கிறார் கேலஹர். அந்த இடத்தில் நிற்பவரின் காலுக்கு என்னென்ன நேரும் என்பதற்கு அதுவே சாட்சி.

விங் ஃபார்வர்ட் இடம் நியாயமானதா? விவாதம் கால் நூற்றாண்டு நீடித்தது. 1930-களின் தொடக்கத்தில் விதிகள் மாறி, அந்த இடமே ஆட்டத்திலிருந்து மறைந்தது. அதனால் விமர்சகர்கள் சொன்னதில் பொருளே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கேலஹர் அன்றைய விதிக்கு உட்பட்டு, தன் நாட்டில் எல்லாரும் ஆடிய முறையில்தான் ஆடினார். எல்லோரிலும் அதிகமாகத் திட்டு வாங்கும் இடத்தில் ஓர் இளைஞனை நிறுத்திவிட்டுத் தலைவர் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்ளவில்லை. அடியும் பழியும் தன் மீது விழட்டும், அணி தன் ஆட்டத்தை ஆடட்டும் என்று நின்றார்.

கார்டிஃபில் ஒரு தோல்வி

நவம்பர் 18-ல் ஸ்காட்லாந்தை 12-7 என்று வென்றார்கள். அதில் பட்ட காயத்தால், ஒரு வாரம் கழித்து டப்ளினில் நடந்த அயர்லாந்து டெஸ்டில் கேலஹர் ஆட முடியவில்லை. பிறந்த நாட்டுக்கு எதிரான ஆட்டத்தை வெளியே இருந்துதான் பார்த்தார். ஸ்டெட் தலைமையில் 15-0. டிசம்பர் 2-ல் லண்டனில் இங்கிலாந்துக்கு எதிராகவும் 15-0. ஐந்து ட்ரைகளில் நான்கு டங்கன் மெக்ரெகருடையவை.

டிசம்பர் 16, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். அதுவரை ஒரு தோல்விகூட இல்லை. எதிரே வேல்ஸ். ஆல் பிளாக்ஸ் ‘ஹக்கா’ என்ற மாவோரி நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர்கள் தங்கள் நாட்டுப்பாடலைப் பாடத் தொடங்க, அரங்கமே எழுந்து கூடப் பாடியது. விளையாட்டுப் போட்டிக்கு முன் தேசியப் பாடல் பாடும் வழக்கத்துக்கு அந்த நாளைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

வேல்ஸ் வீட்டுப்பாடத்தோடு வந்திருந்தது. நியூசிலாந்தைப் போலவே ஸ்க்ரமில் ஏழு பேரை வைத்து, எட்டாவது ஆளாகக் கிளிஃப் பிரிச்சர்டை வெளியே நிறுத்தியது. ஸ்காட்லாந்து நடுவர் ஜான் டல்லஸ், ஸ்க்ரமில் பந்து உருட்டிய விதத்துக்காகக் கேலஹரைத் திரும்பத் திரும்பத் தண்டித்தார். கடைசியில், ஸ்க்ரமில் பந்துக்குப் போட்டியிட வேண்டாம் என்று தன் ஹூக்கர்களிடம் சொல்லும் நிலைக்கு வந்தார் கேலஹர். அணியின் மிகப் பெரிய பலம் அங்கே முடங்கியது. டிக்கி ஓவன் ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் பந்தைத் திருப்ப, டெடி மார்கன் ஓரத்தில் பாய்ந்து ட்ரை வைத்தார். வேல்ஸ் 3, நியூசிலாந்து 0.

இரண்டாம் பாதியில் 21 வயது பாப் டீன்ஸ் கோட்டை நோக்கி ஓடி விழுந்தார். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தேன், பிறகு பின்னால் இழுத்துவிட்டார்கள் என்றார் அவர். கோட்டை எட்டவே இல்லை என்றார்கள் வேல்ஸ் வீரர்கள். ஓட்டத்தில் பின்தங்கியிருந்த டல்லஸ் வந்து பார்த்து, ட்ரை இல்லை என்றார். அந்த ஒரு கணத்தைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக இரு நாடுகளும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

வழக்காடாதவர் தோற்ற அணியின் தலைவர். சிறந்த அணி வென்றது, எனக்கு அதில் மனக்குறை இல்லை என்றார் கேலஹர். நடுவரைப் பற்றிக் கேட்டபோது, நடுவர் குறித்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் தமக்கு இல்லை என்று முடித்துக்கொண்டார். வேல்ஸ் தலைவர் க்வின் நிக்கல்ஸோடு சட்டையை மாற்றிக்கொண்டார். அந்தக் கருப்புச் சட்டை 2015-ல் ஏலத்துக்கு வந்தபோது 1,80,000 பவுனுக்குப் போனது.

தோல்விக்குப் பிந்தைய இரண்டு வாரங்கள்தான் அந்த அணியின் உண்மையான சோதனை. உடலெல்லாம் காயம், மூன்று மாத அலைச்சல். வேல்ஸ் மண்ணிலேயே இன்னும் நான்கு ஆட்டங்கள். கிளமோர்கனை 9-0, நியூபோர்ட்டை 6-3, கார்டிஃப் கிளப்பை 10-8, டிசம்பர் 30-ல் ஸ்வான்சீயை 4-3. மயிரிழையில் தப்பிய வெற்றிகள். இரண்டே நாளில், புத்தாண்டு அன்று, பாரிஸில் பிரான்சின் முதல் டெஸ்ட். 38-8 என்று வென்றார்கள். மற்ற 34 ஆட்டங்களையும் வென்ற அணி என்ற பெருமை, அந்தச் சோர்ந்த நாட்களில் கட்டிக்காக்கப்பட்டது.

மூன்று ஷில்லிங்கும் ஒரு புத்தகமும்

மைதானங்கள் நிரம்பி வழிந்தன, யூனியனுக்குப் பெரும் லாபம். வீரர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் கைச்செலவு. அதையே காசுக்காக ஆடுவதாகக் கருதி ஆட்சேபித்தார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர். வேலையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் கடல் கடந்து வந்த தொழிலாளிகளுக்கு இது எப்படி இனிக்கும்? 1907-ல் ஆல்பர்ட் பாஸ்கர்வில் திரட்டிய சம்பள அணியில் ‘ஒரிஜினல்ஸ்’ வீரர்கள் சிலர் சேர்ந்தார்கள். ‘ரக்பி லீக்’ என்ற தனி ஆட்டம் நியூசிலாந்தில் அப்படித்தான் வேர்விட்டது. உழைப்பவருக்கு உரிய கூலி கொடுக்க மறுத்த ஆட்ட நிர்வாகம் தானே தேடிக்கொண்ட இழப்பு அது.

கேலஹரும் ஸ்டெட்டும் வேறொன்று செய்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் புத்தகமாக எழுதினார்கள். ‘தி கம்ப்ளீட் ரக்பி ஃபுட்பாலர்’ 1906-ல் வெளிவந்தது. எழுத்து பெரும்பாலும் ஸ்டெட்டுடையது. வரைபடங்களும் உத்தி விளக்கங்களும் கேலஹருடையவை. ஆளுக்கு 50 பவுன் கிடைத்தது. 300 பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்த நூலில் ஸ்க்ரம் அமைப்பு, ஒவ்வோர் இடத்தின் கடமை, பயிற்சி முறை எல்லாம் திறந்து வைக்கப்பட்டன. எதிரிகளும் படித்துக்கொள்ளலாம்.

ஒரு கிடங்குத் தொழிலாளியும் ஒரு செருப்புத் தொழிலாளியும் எழுதிய அந்த நூல், ரக்பி உத்திகளுக்கான அடிப்படை நூல்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. வெற்றியின் ரகசியத்தைப் பூட்டி வைத்திருந்தால் அவர்களோடு அது போயிருக்கும். எழுதியதால் அது ஆட்டத்தின் சொத்தாயிற்று.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண்

1906 மார்ச்சில் ஆக்லாந்து துறைமுகத்தில் பெரும் வரவேற்பு. பிரதமர் ரிச்சர்ட் செடனே நேரில் வந்திருந்தார். கேலஹர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் எலன் ஃபிரான்சிஸை மணந்தார். 1908-ல் மகள் நோரா பிறந்தாள். பிழைப்புக்கு அதே குளிர்கிடங்கு வேலை.

ஆக்லாந்து மாகாணத்தின் ஒரே தேர்வாளராகப் பத்தாண்டுகள் பொறுப்பு வகித்தார். மாகாணங்களுக்கான ரான்ஃபர்லி கேடயத்தை 1905 முதல் 1913 வரை ஆக்லாந்து கைவிடாமல் வைத்திருந்தது. வந்த சவால்களில் 23-ஐத் தொடர்ந்து முறியடித்தது. 1907 முதல் 1914 வரை தேசியத் தேர்வாளர். அந்தக் காலத்தில் நியூசிலாந்து ஆடிய 50 ஆட்டங்களில் 44 வெற்றி, 2 சமன், தோல்வி நான்கே நான்கு. தலைவராகச் செய்த அதே வேலைதான்: எந்த வேலைக்கு எந்த ஆள் என்று சரியாகப் பொருத்துவது.

நான்கு சகோதரர்கள்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கேலஹருக்கு 42 வயது, வீட்டில் மனைவியும் சிறு மகளும். கட்டாய ராணுவச் சேவை அவரைத் தொடவே முடியாது. ஆனாலும் 1916-ல் தாமாகப் பெயர் கொடுத்தார். ஆஸ்திரேலியப் படையில் இருந்த தம்பி டக்ளஸ் அதே ஆண்டு ஜூனில் பிரான்சில் கொல்லப்பட்டார். 1917 பிப்ரவரியில் கேலஹரின் கப்பல் கிளம்பியது.

அக்டோபர் 4, பெல்ஜியம். மழையும் சேறுமான பாஷண்டேல் போர்முனையில், கிரேவன்ஸ்டாஃபெல் மேட்டைப் பிடிக்க நியூசிலாந்துப் படை முன்னேறியது. மேடு கைப்பற்றப்பட்டது, 300-க்கும் அதிகமான நியூசிலாந்துக்காரர்கள் அன்று உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் சார்ஜன்ட் டேவ் கேலஹர். முகத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்து, ஆஸ்திரேலிய மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே இறந்தார். 44-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பாப்பரிங்க அருகே நைன் எல்ம்ஸ் கல்லறையில், வெள்ளிப் பெரணி செதுக்கிய நடுகல்லின் கீழ் இருக்கிறார். அதில் வயது 41 என்று தவறாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1918 ஏப்ரலில் இன்னொரு தம்பி ஹென்றியும் போரில் இறந்தார். ஹென்றியின் இரட்டையர் சார்லஸ் கலிப்பொலியில் படுகாயமடைந்து உயிர் பிழைத்தார். முதல் உலகப் போரில் உயிரிழந்த ஆல் பிளாக்ஸ் வீரர்கள் 13 பேர். அவர்கள் எல்லாரையும் நினைக்கும்போது நியூசிலாந்து மக்கள் முதலில் சொல்லும் பெயர் கேலஹர்.

மிச்சம் இருப்பது

ஆக்லாந்து கிளப்களுக்கான சாம்பியன் கேடயம் 1922 முதல் அவர் பெயரில். நியூசிலாந்து, பிரான்ஸ் அணிகளுக்கு இடையிலான கோப்பை 2000 முதல் அவர் பெயரில். 2005-ல் டொனகலின் லெட்டர்கென்னி மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அன்றைய ஆல் பிளாக்ஸ் தலைவர் டானா உமாகா அந்த விழாவுக்குப் போயிருந்தார். 2011-ல் ஆக்லாந்து ஈடன் பார்க் முன்பு வெண்கலச் சிலை எழுந்தது. ஐரோப்பா செல்லும் ஆல் பிளாக்ஸ் வீரர்கள் அவர் கல்லறைக்குச் சென்று வணங்குவது வழக்கமாகிவிட்டது.

இந்த மரியாதைகள் எல்லாம் தகும். ஆனால் என் கணிப்பில், அவருடைய முதல் சாதனை 34 வெற்றிகளோ போர்க்கள மரணமோ அல்ல. பிறவித் திறமைக்காரர்கள் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள்; அவர்கள் ஓய்வு பெற்றதும் அணி சரிகிறது. கேலஹர் விட்டுப்போனது ஒரு முறையை. யார் வந்தாலும் கற்றுக்கொள்ளலாம், கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லலாம். 1924-ல் பிரிட்டன் வந்த அடுத்த ஆல் பிளாக்ஸ் அணி, அந்தப் பயணத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் திரும்பியது. சில லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த தீவு நாடு, தலைமுறை தலைமுறையாக ஓர் உலக ஆட்டத்தின் உச்சியில் நிற்பதற்கு அவர் தலைமுறை போட்ட அஸ்திவாரம் முக்கியக் காரணம்.

பள்ளி மைதானத்திலோ ஊர்க் கிளப்பிலோ பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் கேலஹரின் வாழ்க்கையில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழி வரும் இடத்தில் முதல் ஆளாக நீங்கள் நில்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை உங்களோடு போகவிடாமல் எழுதி வையுங்கள்.